இரை

ஊளிக்கு உயிருள்ள சூடை வேண்டும்.
செத்ததைக் கட்டி இழுத்தால்
பக்கத்தில் வரும், பார்க்கும், போய்விடும்.
விளமீனுக்குக் கணவாய்,
அதுவும் அன்றைக்குப் பிடித்த கணவாய்.
மூக்கையூர்க் கடலில் இருபத்திரண்டு வருஷம்
தூண்டில் போட்டவன் நான்.
எந்த மீனையும் பார்த்து
அடம் பிடிக்குது என்று சொன்னதில்லை.
இரையை மாற்றுவேன், அவ்வளவுதான்.

என் மகள் டெல்சியாவைச் சொன்னேன்.

பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்றார்கள்.
போட்டேன். ஒன்றரை நாள்.
அவள் அழவில்லை, கேட்கவும் இல்லை,
சுவரோரம் உட்கார்ந்து
வலையின் மிதவைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.
இரண்டாம் நாள் மத்தியானம் சகாயச்செல்விதான்
என் முகத்தைப் பார்க்காமல்
அடுப்பைப் பற்றவைத்தாள்.

சோறு. மேலே ஒன்றும் விழாத சோறு.
தலை கிள்ளி மொறுமொறுவென்று பொரித்த நெத்திலி,
சோற்றைத் தொடாத தூரத்தில்.
மஞ்சள் உறை பிஸ்கட், முழுசாக.
லாரித் தண்ணீரில் வடித்தால் அந்தச் சோறும் வேண்டாம்,
குழாய்த் தண்ணீரில் வடித்தால் சரி.
எனக்கு இரண்டும் தண்ணீர்.

திருவிழா அசனத்தில்
பந்தியில் உட்கார்ந்திருந்தோம்.
பரிமாறிய பையன் நல்ல பையன், கை வேகம்.
இலை முழுக்க சாம்பார்.
அவள் போட்ட சத்தத்தில்
கொட்டகை மொத்தமும் மெல்லுவதை நிறுத்தியது.
அப்போது நான் செய்தது:
அந்தச் சோற்றைப் பிசைந்தேன், உருட்டினேன்,
அவள் தாடையைப் பிடித்து
ஊர் பார்க்க உள்ளே தள்ளினேன்.
என் கையிலேயே வாந்தி வந்தது.
அந்தச் சூடு
எத்தனை கடல் தண்ணீரில் கழுவியும்
இந்தக் கையில்தான் இருக்கிறது.

ராமநாதபுரத்து டாக்டரம்மா
ஆட்டிசம் என்றார்.
உங்களுக்கு நாக்கில் மட்டும் நடப்பது
அவளுக்குப் பல்லிலும் காதிலும் தோலிலும்
ஒரே நேரத்தில் நடக்கிறது என்றார்.
பாதிதான் புரிந்தது.

மீதி, பாருக்கு மேலே ஒரு விடிகாலையில்.
தண்ணீர் தெளிந்து கிடந்தது.
முந்தாநாள் கணவாயைக் கோத்திருந்தேன்.
விளமீன் ஒன்று கிட்டே வந்தது,
மூக்கு வரைக்கும் வந்து, திரும்பிப் போனது.
எனக்குக் கோபமே வரவில்லை.
வள்ளத்தில் நான் ஒருத்தன்தான்.
இருந்தும் வெட்கமாகப் போயிற்று.

மகள் மீன் இல்லை. தெரியும்.
அவளைப் பிடிக்க நான் இரை தேடவில்லை.
ஆனாலும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
திருக்கைக் குழம்பு எனக்கு ஆகாது.
அந்த மூத்திர வாடை
தொண்டையில் வந்து நிற்கும்.
திருக்கை விற்றுப் பிழைக்கிறவன்
இதை யாரிடம் சொல்ல?
கல்யாணமான நாளிலிருந்து
பசியில்லை என்று எழுந்துவிடுவேன்.
எனக்கு ஒரு பொய் இருந்தது.
அவளிடம் அதுகூட இல்லை.

போன மாதம் கம்பெனிக்காரன் உறையை மாற்றினான்.
உள்ளே அதே பிஸ்கட்தான் என்று
பழைய உறையைத் துடைத்து
அதில் போட்டுக் கொடுத்தோம்.
ஒன்றை எடுத்தாள்,
காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தாள்.
"சத்தம் வேற" என்றாள்.
கீழே வைத்துவிட்டாள்.

வாலிநோக்கத்தில் இல்லை. ஏர்வாடியில்
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில்
பழைய சரக்கு முப்பத்தொன்பது பாக்கெட்.
காலாவதியாகப் போகுது அண்ணே என்றான்.
எல்லாம் போடு என்றேன்.
தீர்ந்த பிறகு?
தெரியாது.

பைக்கில் வந்த குலுக்கலில் நிறைய நொறுங்கிவிட்டன.
தரையில் கொட்டிப் பிரித்தாள்,
முழுசு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம்.
உடைசலை மட்டும்
தலை நிமிராமல் என் பக்கம் தள்ளினாள்.

இப்போதெல்லாம் கடலுக்குப் போகும்போது
என் டப்பாவில் அதுதான்.
இனிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.